செல்போன் சீட்டுக்கட்டை கலைப்பது யார்? வெட்டுவது யார்?
கரியாலூர் வாலிபர் கேட்ட கேள்வி

கரியாலூர்,
கல்வராயன் மலையில் இருக்கிறது கரியாலூர். இங்கு ஒரு டீக்கடைக்குப் பின்னால் சாயங்காலம் ஆனால் நாலு பெரியவர்கள் சாக்கு விரித்து உட்காருகிறார்கள். ஆடுவது ரம்மி. தோற்றவர் மற்ற மூன்று பேருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். பந்தயம் அவ்வளவுதான்.

ஒருவர் கட்டை கலைக்கிறார். பக்கத்தில் இருப்பவர் வெட்டுகிறார். பிறகுதான் சீட்டு போடுகிறார்கள்.

"கலைச்சவன் வேற, வெட்டுறவன் வேற. இதுதான் தம்பி ஆட்டத்துல முதல் சட்டம். வெட்டாத கட்டை நான் கையால தொடமாட்டேன்" என்றார், அந்த நாலு பேரில் மூத்தவர்.

அவருக்குப் பின்னால் ஒரு வாலிபர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வயது 24 இருக்கும். கையில் செல்போன். பெரியவர் சொன்னதைக் கேட்டதும் அவர் தலை நிமிர்ந்தது.

"அப்போ செல்போன்ல வெட்டுறது யாரு சார்?" என்று என்னைக் கேட்டார்.

நல்ல கேள்வி. பதில் தேடிப் போனதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

அம்மாவின் தோடு

அந்த வாலிபர் கூறியதாவது:-

"2022-ல பெங்களூருல கட்டிட வேலைக்குப் போனேன். ராத்திரி ஷெட்டுல எல்லாரும் போன்ல ரம்மி ஆடுவாங்க. நானும் ஆரம்பிச்சேன். முதல் வாரத்துல 2 ஆயிரத்து 300 ரூபாய் ஜெயிச்சேன். அப்புறம் ஜெயிச்ச ஞாபகமே இல்ல. ஜோக்கரே வராது. எனக்கு ஒரு சீட்டுதான் பாக்கி இருக்கும், எதிராளி டிக் அடிச்சிருவான். மரவள்ளிக் கிழங்கு வித்த பணம் 38 ஆயிரம் போச்சு. அம்மா தோடு அடகுக்குப் போச்சு. மொத்தமா ஒண்ணரை லட்சத்துக்கு மேல இருக்கும்.

2025 ஆகஸ்டுல அந்த ஆப்ல காசு ஆட்டத்தை நிறுத்திட்டாங்க. கொஞ்ச நாள்ல வாட்ஸ்அப்புல ஒரு லிங்க் வந்துது. 9 ஆயிரம் கட்டினேன். ரெண்டே நாள்ல 21 ஆயிரம் ஆச்சு. எடுக்கப் போனா, முதல்ல 5 ஆயிரம் வரி கட்டுன்னான். கட்டினேன். அதோட சரி. ஆளும் இல்ல, பதிலும் இல்ல.

கடைசி 5 ஆயிரம் மோசடின்னு எனக்கே தெரியுது சார். எனக்குத் தெரிய வேண்டியது முதல்ல மூணு வருசம் ஆடினது. அது நியாயமா கலைச்சுதா, இல்லையா? ஏமாத்தினாங்கன்னா அம்மாகிட்ட அப்படிச் சொல்லிக்குவேன். இல்லேன்னா தப்பு என்னோடது."

இவ்வாறு அவர் கூறினார்.

கம்ப்யூட்டர் எப்படி கலைக்கிறது?

கம்ப்யூட்டருக்கு கை கிடையாது. அது சீட்டை கலைப்பது கணக்குப் போட்டுத்தான். ஒரு எண்ணை எடுத்துக்கொள்கிறது. அந்த எண்ணில் ஆரம்பித்து, குத்துமதிப்பாகத் தெரிகிற எண்களை வரிசையாக உற்பத்தி செய்கிறது. அந்த வரிசைப்படி 52 சீட்டும் இடம் மாறுகின்றன.

ஆரம்ப எண் ஒன்றாக இருந்தால் சீட்டு வரிசையும் ஒன்றாகத்தான் இருக்கும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் 'ஃப்ரீசெல்' ஆடியவர்களுக்கு இது தெரியும். விண்டோஸ் 95-ல் வந்த ஃப்ரீசெல்லில் 32 ஆயிரம் ஆட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். அதே நம்பரை நாளைக்குப் போட்டாலும், நாலு வருடம் கழித்துப் போட்டாலும் அதே சீட்டுகள்தான் வரும். அதில் 11982-ம் நம்பர் ஆட்டத்தை ஜெயிக்கவே முடியாது என்பது ஊரறிந்த சமாச்சாரம்.

அந்த ஆட்டத்தில் காசு இல்லை. நம்பரும் வெளிப்படையாக எழுதியிருந்தது. ஏமாற்றி யாருக்கு என்ன லாபம்? இப்போது வரும் சில சீட்டு செயலிகளில் 'ஜெயிக்கக்கூடிய கட்டு மட்டும் போடு' என்று ஒரு பொத்தானே இருக்கிறது. வேண்டுமென்றால் கட்டை சாதகமாக அடுக்க முடியும் என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டுமா? அடுக்குவதைச் சொல்லிவிட்டு அடுக்குகிறார்கள். அதனால் குற்றம் இல்லை.

காசு வைத்து ஆடும் ஆட்டத்தில் ஆரம்ப எண் என்ன, அது எங்கிருந்து வந்தது என்று ஆடுகிறவருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. தெரிந்தால் என்ன ஆகும்? அதுவும் நடந்திருக்கிறது.

1999-ல் உடைந்த கட்டு

52 சீட்டை எத்தனை விதமாக அடுக்கலாம் தெரியுமா? அந்த எண்ணை எழுதினால் 68 இலக்கம் வரும். உலகம் தோன்றிய நாளில் இருந்து கலைத்துக்கொண்டே இருந்தாலும் தீராது.

1999-ல் அமெரிக்காவில் இன்டர்நெட் போக்கர் ஆட்டம் ஒன்றை சில கம்ப்யூட்டர் நிபுணர்கள் சோதித்தார்கள். அந்த ஆட்டத்தின் மென்பொருளை செய்த கம்பெனி, 'எங்கள் கலைப்பு நேர்மையானது' என்று காட்டுவதற்காக, கலைக்கும் முறையைத் தானே வெளியிட்டிருந்தது. அதைப் படித்துப் பார்த்த நிபுணர்கள் சிரித்துவிட்டார்கள்.

ஆரம்ப எண்ணை அந்தக் கம்ப்யூட்டர் கடிகாரத்தில் இருந்து எடுத்தது. நள்ளிரவில் இருந்து எத்தனை மில்லி வினாடி ஆயிற்று என்பதே அந்த எண். ஒரு நாளைக்கு மில்லி வினாடிகள் 8 கோடியே 64 லட்சம்தான். ஆக 68 இலக்க வகைகள் 8 கோடியே 64 லட்சமாகச் சுருங்கிவிட்டன. கடிகாரத்தை ஒத்துப் பார்த்ததும் சுமார் 2 லட்சமாகக் குறைந்துவிட்டது. தங்கள் கையில் உள்ள சீட்டையும் மேசையில் திறந்த மூன்று சீட்டையும் வைத்து, எதிராளி கையில் இருப்பது என்ன, அடுத்து வரப்போவது என்ன என்று அத்தனையையும் உடனே சொன்னார்கள்.

இங்கே கம்பெனி ஏமாற்றவில்லை. அதன் கலைப்பு மட்டம். அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவன் நல்லவனாக இருந்ததால் விஷயம் வெளியே வந்தது.

கண்ணாடி போட்ட ஆட்டக்காரர்

அடுத்த கதை 2007-ல். அப்சலூட் போக்கர் என்ற இன்டர்நெட் ஆட்டம். அதில் ஒரு ஆட்டக்காரர், எல்லார் கையிலும் என்ன சீட்டு இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஆடுவது போலவே ஆடினார். தோற்ற ஒருவர் சந்தேகப்பட்டு, ஆட்டத்தின் பதிவைக் கேட்டு வாங்கினார். வந்த கோப்பில் அவருடைய சீட்டு மட்டும் இல்லை. அத்தனை பேர் சீட்டும் இருந்தன. அதை வைத்து மற்ற ஆட்டக்காரர்கள் குட்டை உடைத்தார்கள். எல்லார் கையையும் பார்க்கக்கூடிய ஒரு கள்ளக் கணக்கு உள்ளேயே இருந்தது தெரிந்தது. அந்தக் கம்பெனிக்கு 5 லட்சம் டாலர் அபராதம். அதேபோன்ற மோசடி அல்டிமேட்பெட் என்ற ஆட்டத்திலும் வெளிப்பட்டு, அதற்கு 15 லட்சம் டாலர் அபராதம்.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இங்கே கலைப்பில் தப்பே இல்லை. சீட்டு நேர்மையாகவே விழுந்தது. பார்த்த கண்தான் கள்ளக் கண்.

'சோதனை போட்டு சான்றிதழ் வாங்கியிருக்கிறோம்' என்று செயலிகள் சொல்வது வழக்கம். சான்றிதழ் நல்லதுதான். ஆனால் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் சூதாட்ட எந்திரங்களை சோதிக்கும் அரசு வாரியத்தின் என்ஜினீயரே எந்திரங்களில் தில்லுமுல்லு செய்து 1995-ல் பிடிபட்டார். வேலியே பயிரை மேய்ந்த கதை.

தலையா, பூவா?

அப்படியானால் நம் வாலிபருக்கு ஜோக்கர் வராதது மோசடியா? அவசரப்பட வேண்டாம்.

டீக்கடையில் ஒரு சோதனை செய்தோம். ஒரு ரூபாய் நாணயத்தை 100 தடவை சுண்டினோம். பெரியவர் சுண்ட, நான் நோட்டில் எழுதினேன். ஒரு இடத்தில் தலை தொடர்ந்து 6 தடவை விழுந்தது. இன்னொரு இடத்தில் பூ தொடர்ந்து 5 தடவை.

"காசுல ஏதோ இருக்கு" என்றார் வாலிபர்.

காசில் ஒன்றும் இல்லை. 100 தடவை சுண்டினால் எங்காவது ஒரே பக்கம் தொடர்ந்து 5 தடவை விழாமல் இருப்பதுதான் அபூர்வம். நேர்மையான அதிர்ஷ்டத்தின் முகமே அப்படித்தான். ஒன்று விட்டு ஒன்றாக ஒழுங்காக விழுந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மனசும் நம்மை ஏமாற்றும். ஒரு சீட்டில் தோற்றது வருடக்கணக்கில் ஞாபகம் இருக்கும். ஒரு சீட்டில் ஜெயித்தது மறுநாளே மறந்துபோகும். ஆகவே 'எனக்கு சீட்டே வரலை' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மோசடி என்று நிரூபிக்க முடியாது. ஆயிரக்கணக்கான ஆட்டங்களின் முழுப் பதிவும் வேண்டும். அது கம்பெனியிடம் இருக்கும். ஆடியவர் கையில் இருக்காது.

எதிரே இருப்பது ஆளா?

சாக்கில் உட்கார்ந்து ஆடினால் எதிராளியின் முகம் தெரியும். அவர் யார் பிள்ளை, எந்த ஊர் என்பதும் தெரியும். செல்போனில் தெரிவது ஒரு பெயரும் ஒரு பொம்மைப் படமும்.

ஒரே மேசையில் ஆடும் இரண்டு பேர் பக்கத்து பக்கத்து அறையில் இருந்துகொண்டு 'எனக்கு இஸ்பேட் ஏழு வேணும்' என்று பேசி ஆடலாம். அல்லது எதிரே மனிதனே இல்லாமல் கம்ப்யூட்டர் புரோகிராம் ஆடலாம்.

2025 நவம்பரில் வின்சோ என்ற விளையாட்டு செயலி கம்பெனியில் அமலாக்கத்துறை சோதனை நடத்தியது. மனிதர்களோடு ஆடுவதாக நினைத்தவர்களை, அவர்களுக்குத் தெரியாமல் புரோகிராமோடு ஆடவிட்டார்கள் என்பது அமலாக்கத்துறையின் குற்றச்சாட்டு. தங்கள் ஆட்டம் நேர்மையானது, வெளிப்படையானது என்பது கம்பெனியின் வாதம். குற்றச்சாட்டு வேறு, கோர்ட்டு தீர்ப்பு வேறு. ஆனால் வாலிபர் கேட்ட அதே கேள்வியை ஒரு மத்திய அரசு துறையே கேட்டிருக்கிறது என்பது உண்மை.

கோர்ட்டுகள் சொன்னது

ரம்மி திறமை ஆட்டமா, சூதாட்டமா? செகந்திராபாத் கிளப் வழக்கு ஒன்றில் 1967-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. மூணு சீட்டு போல முழுக்க அதிர்ஷ்டத்தை நம்பியது அல்ல ரம்மி, விழுந்த சீட்டை ஞாபகம் வைத்து எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யும் திறமையே அதில் முக்கியம் என்றது. அதே தீர்ப்பில் இன்னொரு விஷயமும் உண்டு. பந்தய ஆட்டத்தில் இருந்து கிளப் நடத்துகிறவர் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்றும் சொன்னது. இதை யாரும் அதிகமாகச் சொல்வதில்லை.

தமிழ்நாட்டில் 2020 நவம்பரில் ஆன்லைன் பந்தய ஆட்டங்களுக்கு அவசர சட்டம் மூலம் தடை வந்தது. பின்னர் சட்டமாகவும் ஆனது. 2021 ஆகஸ்டு 3-ந்தேதி சென்னை ஐகோர்ட்டு அதை ரத்து செய்தது. 2022-ல் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு. அதே ஆண்டு அக்டோபரில் சட்டசபையில் புது மசோதா. கவர்னர் திருப்பி அனுப்பி, சட்டசபை மறுபடியும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் சட்டமானது.

அந்த வழக்கில் அரசு வாதம் நம் பெரியவர் வாதம்தான். நேரில் ஆடினால் கலைப்பது தெரியும்; ஆன்லைனில் சீட்டு போடுவது மென்பொருள், எதிரே ஆடுவது மனிதனா என்பதும் தெரியாது என்றது அரசு. 2023 நவம்பர் 9-ந்தேதி ஐகோர்ட்டு சட்டத்தை ஏற்றது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது. நேரில் ஆடும் ரம்மியும் ஆன்லைன் ரம்மியும் வேறு வேறு என்று காட்ட போதிய ஆதாரம் இல்லை என்பது காரணம்.

ஆக, சந்தேகம் இருந்தது. ஆதாரம் கையில் இல்லை.

நேர்மையாக கலைத்தாலும்...

இதுவரை கலைப்பைப் பற்றியே பேசினோம். இப்போது கலைப்பு நூற்றுக்கு நூறு நேர்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது ஆடுகிறவர்கள் தப்பிப்பார்களா?

சின்ன கணக்கு. 6 பேர். ஆளுக்கு 1,000 ரூபாய். மொத்தம் 6,000. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆளுக்கு 100 ரூபாய் கட்டுகிறார்கள். மேசையில் 600. ஜெயித்தவருக்குக் கொடுக்கும் முன் கம்பெனி நூற்றுக்குப் பத்து எடுத்துக்கொள்கிறது என்று வைப்போம். ஒரு ஆட்டத்துக்கு 60 ரூபாய்.

எல்லாரும் சம திறமை. ஒருவருக்குக் காசு தீர்ந்தால் இன்னொருவர் கைமாற்று தருகிறார். யாரும் எழுந்து போகவில்லை. 90 ஆட்டம் முடிகிறது. கம்பெனி எடுத்தது 90 தரம் 60. அதாவது 5,400 ரூபாய். ஆறு பேரிடமும் சேர்த்து மிச்சம் 600.

யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒரு சீட்டுகூட அடுக்கவில்லை. பணம் எங்கே போனது?

இதற்கு மேல் 2023 அக்டோபர் 1 முதல், கட்டும் பணத்துக்கே 28 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது. ஜெயித்தால் 30 சதவீதம் வருமான வரிப் பிடித்தமும் உண்டு.

டீக்கடை ஆட்டத்தில் கமிஷன் கிடையாது. இன்றைக்கு டீ வாங்கித் தந்தவர் நாளைக்கு டீ குடிப்பார். காசு அந்த நாலு பேருக்குள்ளேயே சுற்றும். செல்போன் ஆட்டத்தில் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே ஒழுகும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சேந்திய கதைதான்.

நல்ல திறமைசாலி ஒருவர் ஜெயிக்கலாம். அவர் ஜெயிக்கும் பணமும், கம்பெனியின் கமிஷனும், அரசின் வரியும் யாருடையது? பகல் முழுக்க சித்தாள் வேலை பார்த்துவிட்டு ராத்திரி தூக்கக் கண்ணோடு ஆடியவர்களுடையது.

இப்போது சட்டம் என்ன?

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு ஆன்லைன் விளையாட்டு ஆணையம் விதி போட்டது. இரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை காசு ஆட்டம் கூடாது, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம் என்பவை அதில் முக்கியம். 2025 ஜூன் 3-ந்தேதி ஐகோர்ட்டு அந்த விதிகளை ஏற்றது.

2025 ஆகஸ்டில் மத்திய அரசே முழுத் தடை சட்டம் கொண்டுவந்தது. இரண்டே நாளில் இரு சபைகளிலும் நிறைவேறி, 22-ந்தேதி ஜனாதிபதி ஒப்புதல் கிடைத்தது. திறமை ஆட்டமோ, அதிர்ஷ்ட ஆட்டமோ, ஆன்லைனில் காசு வைத்து நடத்தினால் 3 ஆண்டு வரை ஜெயில், 1 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது அந்த சட்டம். ஆடியவருக்கு அதில் தண்டனை இல்லை. உள்நாட்டு கம்பெனிகள் காசு ஆட்டத்தை நிறுத்தின. சட்டத்தை எதிர்த்த வழக்குகள் 2025 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டுக்கு மாற்றப்பட்டன.

ஆனால் வாட்ஸ்அப், டெலிகிராமில் லிங்க் அனுப்புகிறவனுக்கு எந்த சட்டமும் கிடையாது. அவனுக்கு ஆபீஸ் இல்லை, முகவரி இல்லை. 'எடுக்க வேண்டுமானால் முதலில் வரி கட்டு' என்று கேட்டால் அது நூற்றுக்கு நூறு மோசடி. வரியை ஜெயித்த பணத்தில் பிடிப்பார்களே தவிர, முன்பணமாகக் கேட்க மாட்டார்கள்.

பணம் போனது தெரிந்தவுடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். சைபர் கிரைம் புகாருக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்கு பணத்தை வங்கியில் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம். மனசு உடைந்தவர்கள் 104-க்குப் பேசலாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வாலிபருக்கு பதில்

இத்தனையையும் அந்த வாலிபரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"கடைசியா என்னதான் சார் சொல்றீங்க? ஏமாத்தினாங்களா, இல்லையா?"

சொன்னேன். "நீங்க உக்காந்த இடத்துல இருந்து அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. கலைச்சவனும் அவன், வெட்டினவனும் அவன், கணக்கு எழுதினவனும் அவன். அப்படி ஒரு ஆட்டத்துல காசு வச்சது ஒண்ணுதான் உங்க தப்பு. ஏமாத்தியிருந்தாலும் அந்தக் காசு போயிருக்கும், ஏமாத்தாம இருந்திருந்தாலும் போயிருக்கும்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு செல்போனை எடுத்து அந்த லிங்கில் வந்த செயலியை அழித்தார். 1930 எண்ணை என் நோட்டில் இருந்து குறித்துக்கொண்டார். அழிக்கும் முன் படம் பிடித்து வைத்திருக்கலாமே என்று கேட்டேன். பணம் கட்டிய ரசீது எல்லாம் தனியாக இருக்கிறது என்றார். அதுவரை நல்லது.

சாக்கில் அடுத்த ஆட்டம் ஆரம்பமாகியது. மூத்தவர் கட்டை கலைத்து வாலிபர் முன்னால் நீட்டினார்.

"வெட்டு தம்பி" என்றார்.

வாலிபர் வெட்டினார். ஆனால் ஆட உட்காரவில்லை. கள்ளக்குறிச்சிக்குப் போகும் பஸ் வரும் நேரம். அம்மாவின் தோடு அங்கே அடகுக் கடையில் இருக்கிறது. இந்த மாத வட்டியையாவது கட்டிவிட்டு வர வேண்டுமாம்.